தபாலில் வராத கேக்

பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும் மிளகும் தேனில் கொதித்து இறுகிக் குளிர்ந்தால் ஒரு வாசனை வரும். பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே அது காகிதத்தைத் தாண்டி வெளியே வந்துவிடும். பிரித்த பிறகோ, கறிமசாலும் கடலைமிட்டாயும் ஒரே சட்டியில் வெந்தது போல வீடு முழுக்க மணக்கும். கத்தி அதில் லேசில் இறங்காது. அம்மா அதைத் தரையில் பலகைமேல் வைத்து, கத்தியின் முதுகில் இரண்டு கையையும் கொடுத்து அழுத்தித்தான் துண்டு போடுவாள். வாயில் வைத்ததும் மேலே தூவிய சர்க்கரைப் பொடி கரையும், பாதாம் பருப்பு பல்லில் உடையும், ஆரஞ்சுத் தோல் கொஞ்சம் கசக்கும், எல்லாவற்றையும் விழுங்கி முடித்த பிறகு தொண்டையில் மிளகு சுருக்கென்று பிடிக்கும். இத்தாலியில் அதற்குப் 'பன்ஃபோர்த்தே' என்று பெயர் என்றும், பலமான ரொட்டி என்று அர்த்தம் என்றும் அப்பா கடிதத்தில் எழுதியிருந்தார். அம்மாவுக்கு அது "கல்லு கேக்கு". நான் அதை "அப்பா கேக்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் திருப்பூரில், அவிநாசிக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஏழு வீடுகள். வீடு என்றால் ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு சமையல்கட்டும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. முன்பக்கம் வீட்டுக்காரம்மா ராமாத்தாளின் மாடிவீடு. நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா நிட்டிங் மெஷின் மெக்கானிக். அம்மா ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பனியன்களை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்துப் பிடித்து, ஓட்டையோ கறையோ தையல் விட்ட இடமோ தென்பட்டால் அங்கே ஓர் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிப் போடுவது அவள் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. என் பள்ளிச் சட்டையின் பின்பக்கம் பிரிந்த ஒற்றை நூலைக்கூட வாசலிலிருந்தே பார்த்துவிடுவாள்.

எனக்கு எட்டு வயது நடந்தபோது அப்பா இத்தாலி போனார். அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு அங்கிருந்து புது மெஷின்கள் வந்திருந்தன. அவற்றைப் பூட்டிக் கொடுக்க வந்த வெள்ளைக்காரர் அப்பாவின் கைவேலையைப் பார்த்துப் பிடித்துப்போய், தங்கள் ஆலைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிக் கடிதம் அனுப்பினார். புறப்படும் நாளில் அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "ரெண்டு வருசம் கண்ணமூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்ட்டி" என்றார். நான் அப்போதே கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குத்தான் முதல் பொட்டலம் வந்தது. பழுப்புக் காகிதம், அதன்மேல் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் எங்கள் விலாசம், மூலையில் யாரோ ஒரு பெண்ணின் தலை போட்ட வெளிநாட்டு ஸ்டாம்புகள். தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஸ்டாம்பைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துத்தான் கொடுத்தார். உள்ளே வட்டமாக, ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிதாக, கேக். அதன் அடிப்பக்கத்தைப் பார்த்து நான் பயந்துபோனேன். பூசையில் சாமியார் நாக்கில் வைப்பாரே நற்கருணை அப்பம், அதே மாதிரி வெள்ளையாக, காகிதம் போல மெல்லிசாக ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அப்பத்தை முதல்முறையாக வாங்கும் புதுநன்மை எனக்கு இன்னும் கொடுத்திருக்கவில்லை. அதைத் தின்றால் பாவம் என்று நினைத்து, மேல்பக்கத்தை மட்டும் கடித்துவிட்டு அடியை அம்மாவின் கையில் வைத்தேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "சட்டியில ஒட்டாம இருக்கதுக்குப் போட்டிருக்காவ, மந்திரிக்காத அப்பம்தாம்ட்டி, சும்மா தின்னு" என்றாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்த கடைசிச் சில முறைகளில் அதுவும் ஒன்று.

ராமாத்தாள் வீட்டில் தொலைபேசி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு அப்பா அதில் கூப்பிடுவார். மூன்றரைக்கே தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் அவர்கள் வீட்டு முன்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவோம். முதல் வருடம் வாரம் தவறாமல் மணி அடித்தது. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு எப்போது கடைசியாக அடித்தது என்று நினைவு வைத்துக்கொள்ள முடியாதபடி அது நின்றுபோனது. ஆனாலும் நாங்கள் போய் உட்கார்ந்தோம். ராமாத்தாள் முகம் சுளிக்கமாட்டார். எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, "இன்னைக்கு லைன் கெடைக்கலியாட்ட இருக்குதுங் அம்மிணி" என்று தொலைபேசியைப் பார்த்துச் சொல்வார்.

போன் நின்றாலும் கேக் நிற்கவில்லை. நான் நாலாவது படித்த வருடமும் ஐந்தாவது படித்த வருடமும் டிசம்பர் நடுவில் ஒருநாள் அம்மா வேலை முடிந்து வரும்போது கைப்பையிலிருந்து வட்டமாக ஒன்றை எடுத்து வைத்தாள். "ஒங்கப்பா அனுப்பிருக்காவ. கம்பேனி விலாசத்துக்கு வந்துச்சு" என்றாள். கடிதம் எங்கே என்று கேட்டதற்கு, வேலை அதிகமாம், எழுத நேரமில்லையாம் என்றாள். காகிதம் முதல் வருடத்தது போலப் பழுப்பாக இல்லை, பூப்போட்ட சிவப்பாக இருந்தது. அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் எவளாவது "உங்கப்பா உங்களை உட்டுட்டுப் போயிட்டாராமா?" என்று கேட்டால், ஒரு சின்னத் துண்டு கேக்கை டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்து அவள் வாயை அடைத்துவிடுவேன்.

நான் ஆறாவது படித்த வருடம் கேக் வரவில்லை.

டிசம்பர் பத்து ஆனது, பதினைந்து ஆனது. அம்மா தினமும் வெறுங்கையோடு வந்தாள். "இன்னும் வரலையாம்மா?" என்று கேட்டால், "வரும்" என்பாள், மறுநாள் கேட்டால், "இந்த வருசம் தபாலு தாமசமாம்" என்பாள், மூன்றாம் நாள் கேட்டபோது தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய்விட்டாள். திருப்பூரில் அது சரக்கைக் கப்பலுக்கு அனுப்பும் ஷிப்மென்ட் காலம். காலையில் எட்டரைக்குப் போனால் இரவு எட்டு மணிக்குக் குறைந்து அவள் வருவதில்லை. எனக்கு அரைப்பரீட்சை, பன்னிரண்டரைக்கு மணி அடித்துவிடும். லைனில் இருந்த எல்லோரும் கம்பெனிக்குப் போயிருப்பார்கள். ஏழு கதவிலும் பூட்டுத் தொங்கும். கழுத்தில் கயிற்றில் மாட்டியிருக்கும் சாவியால் எங்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனால், பக்கத்துச் சந்திலிருந்து நிட்டிங் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். நாளாக ஆக அந்தச் சத்தம் எனக்குக் கேட்காமலே போய்விட்டது. கரண்டு போய் மெஷின் நின்றால்தான் திடுக்கிட்டு நிமிர்வேன். வாய்விட்டுப் பாடம் படிப்பேன். படித்து முடித்த பிறகு பேசுவதற்கு ஆள் கிடையாது. சில நாள் அப்பாவின் பழைய சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து மறுபடியும் கொடியில் போடுவேன்.

அப்படியொரு மத்தியானம் தொட்டியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் ராமாத்தாள், கறிவேப்பிலை கேட்டு வந்திருந்த யாரோ ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள பாவமுங்க. போன மனுசன் போனவந்தான். அங்கயே ஒரு வெள்ளக்காரியக் கட்டீட்டு இருப்பானுங்க. இவ இன்னும் ஞாயித்துக்கெழம ஆனா வந்து போனைப் பாத்துட்டு உக்காந்துக்கறா. எனக்குப் பாக்க முடியலீங்க." அவர் குரலில் வம்பு இல்லை, நிசமான வருத்தம்தான் இருந்தது. அதனால்தான் அது என்னை அப்படி அடித்தது. குடம் நிரம்பி வழிந்து என் பாவாடை நனைகிறவரைக்கும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

கேக் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அம்மா முகம் தெளிந்துவிடும், ராமாத்தாளின் வாய் அடைபடும். அப்பா அனுப்பாவிட்டால் என்ன, நானே செய்து அவர் அனுப்பியதாகச் சொல்லிவிடலாம். பதினொரு வயதில் ஒரு யோசனை வந்தால் அதன் முன்பக்கம் மட்டும்தான் தெரிகிறது.

முந்தைய வருடத்துச் சிவப்புக் காகிதத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அதன் பின்பக்கம் அந்தக் கேக்கில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று நான்கைந்து மொழிகளில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். ஆங்கிலமும் அதில் ஒன்று. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதினேன். பாதாம் இல்லை, வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி வைத்துக்கொண்டேன், கிறிஸ்துமஸ் பாயசத்துக்கென்று அம்மா வாங்கி வைத்திருந்த முந்திரியில் ஒரு பிடி எடுத்தேன். ஆரஞ்சுத் தோலுக்காகப் பரீட்சை முடிந்து வரும் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு வாங்கினேன். மாடு வளர்க்கிறாயா என்று கேட்டார்கள். சர்க்கரையில் ஊறிய முலாம்பழம் என்று ஒன்று போட்டிருந்தது. அதற்குச் சேட்டுக் கடையில் விற்கும் பூசணி மிட்டாய்தான் பொருத்தம் என்று நானே முடிவு செய்தேன். தேன், எனக்கு இருமல் வந்தால் கொடுக்க அலமாரியில் வைத்திருந்த சின்னச் சீசாவில் இருந்தது, போதாததற்கு நாட்டுச்சர்க்கரை. மசாலா டப்பாவில் மற்ற எல்லாம் இருந்தன.

முதல்நாள் பாகு கருகியது. தேனும் சர்க்கரையும் நுரைத்து வருவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். இறக்கி வைத்த ஐந்து நிமிடத்தில் அது பாத்திரத்தோடு பாறையாகிவிட்டது. வெந்நீர் ஊற்றி ஊற வைத்து, அம்மா வருவதற்குள் கல்லுப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

மறுநாள் அடுப்பின் முன்னால் ஒரு கிண்ணம் தண்ணீரோடு உட்கார்ந்தேன். கடலைமிட்டாய் போடுகிறவர்கள் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதைக் கடைவீதியில் பார்த்திருந்தேன். சொட்டு கரையாமல் மெத்தென்று உருண்டு வந்ததும், இடித்து வைத்த மசாலாவையும் கடலையையும் தோலையும் மிட்டாயையும் இரண்டு கரண்டி மைதாவையும் கொட்டிக் கிளறினேன். கரண்டி நகரவே இல்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் கிளறியபோது ஒரு துளி பாகு தெறித்து இடது மணிக்கட்டில் விழுந்தது. உதறினால் போகிற பொருளா அது! தோலோடு ஒட்டிக்கொண்டு எரிந்தது. கத்தினேன். கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது என்று தெரிந்ததும் அழுகையே வரவில்லை. தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு, மறு கையால் கிளறி முடித்தேன்.

அடியில் வைக்க அந்த அப்பம் வேண்டுமே என்பது அப்போதுதான் உறைத்தது. கோயிலில் கேட்கவும் பயம். கடைசியில் அலமாரியிலிருந்து பெரிய அப்பளம் ஒன்றை எடுத்து எவர்சில்வர் தட்டில் பரப்பி, அதன்மேல் கலவையைக் கொட்டி, நெய் தடவிய கையால் அழுத்தினேன். பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து ஒரு சொம்பு மணல் அள்ளி வந்து குக்கரில் போட்டு, ரப்பரும் வெயிட்டும் கழற்றிவிட்டுத் தட்டை உள்ளே வைத்து மூடினேன். சிறு தீயில் அது வேகத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. அதே வாசனை! நான் கையெரிச்சலை மறந்து குக்கரின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

வாசனை பிடித்துக்கொண்டு ராமாத்தாள் வந்துவிட்டார். வாசலிலேயே நின்று, "ஊட்டுல ஆருமில்லாதப்ப அடுப்பப் பத்தவெச்சுட்டு என்ன கண்ணு பண்ணீட்டிருக்கறே?" என்றார். பள்ளிக்கூடத்தில் செய்து வரச் சொன்னார்கள் என்று பொய் சொன்னேன். "பரீச்சைக்கு இதுகூடவா கேக்கறாங்க?" என்று சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். போய்க் கற்றாழை ஒடித்து வந்து வழவழப்பை மணிக்கட்டில் தடவினார். "தீயைத் தணிச்சு வெய்யி சாமி. அம்மா வர்ற வரைக்கும் நான் முன்னாலதான் இருப்பேன், எதுன்னாலும் ஒரு சத்தம் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைச் சத்தம் போட்டுக் கூப்பிடலாம் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

கேக் நன்றாகவே வந்திருந்தது. ஆறிய பிறகு சர்க்கரையை இடித்து மேலே தூவினேன். சிவப்புக் காகிதத்தில் சுற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்பா முதல் வருடம் அனுப்பிய பொட்டலத்தின் பழுப்புக் காகிதத்திலிருந்து விலாசமும் ஸ்டாம்பும் இருந்த பகுதியை மட்டும் வெட்டி, கோயிலில் வேதபாடம் படிக்கும் என் ஞானோபதேசப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அதை எடுத்து, புதிதாகச் சுற்றிய பழுப்புக் காகிதத்தின்மேல் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். என் திறமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, பரீட்சையெல்லாம் முடிந்த அன்று, ஷிப்மென்ட் லாரி ஏறிவிட்டதால் அம்மா ஐந்து மணிக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே நான், "அம்மா, தபால் வந்திருக்கு. போஸ்ட்மேன் குடுத்துட்டுப் போனாரு" என்று பொட்டலத்தை நீட்டினேன்.

அவள் துள்ளிச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அம்மா ஒரு செருப்போடு அப்படியே நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. கையை நீட்டி வாங்கி, அந்தச் சாய்ந்த கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"ஊட்டு விலாசத்துக்கா வந்துச்சு?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் எங்கள் பேச்சில் கொங்குநாட்டு 'ஊடு' கலந்துபோயிருந்தது.

"ஆமாம்மா."

தரையில் உட்கார்ந்தாள். கிழியாமல், ஓரம் ஓரமாகப் பிரித்தாள். கேக்கை மடியில் வைத்துவிட்டுப் பழுப்புக் காகிதத்தை உதறிப் பார்த்தாள். சிவப்புக் காகிதத்தை விரித்து உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் பார்த்தாள். மறுபடியும் பழுப்புக் காகிதத்தை உதறினாள். கடிதம் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. கடிதத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. "எழுதலன்னா பரவால்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "நெனச்சிருக்காவ. நெனச்சு அனுப்பிருக்காவ." அவள் கண் நிறைந்து வழிந்தது. என்னை இழுத்து உச்சந்தலையில் முத்தம் வைத்தாள். அந்தக் கணத்தில் அவள் முகம் என் புதுநன்மைப் படத்தில் இருக்கிற என் முகம்போல, சின்னப் பெண்ணுடைய முகமாக இருந்தது. நான் நினைத்திருந்ததைவிடப் பெரிதாக ஏதோ நடந்துகொண்டிருந்தது. அது என்னவென்று தெரியவில்லை.

அவள் கத்தியை எடுத்து அழுத்தி ஒரு துண்டு வெட்டி எனக்குக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டைத் தன் வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவது மெதுவாகி நின்றது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அப்பளம் பொரிந்து, சீரகமும் மிளகும் தெரிய, உப்புக் கரித்துக்கொண்டிருந்தது. பிறகு பழுப்புக் காகிதத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள், பனியனைப் பிடிப்பது போல. ஒட்டின இடம் தெரிந்திருக்கும். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "கையக் காட்டு" என்றாள்.

காயத்தை மறைக்க நான் போட்டிருந்த முழுக்கைச் சட்டையின் கையை மேலே தள்ளினாள். கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அடிக்கவில்லை, அழவும் இல்லை. வாயிலிருந்ததை முழுதும் மென்று விழுங்கினாள். கையில் மீதியிருந்த துண்டையும் அப்பளத்தோடு சேர்த்துத் தின்றாள். தின்று முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"ஒங்கப்பா முத வருசம் மட்டுந்தாம்ட்டி அனுப்புனாவ. மத்த ரெண்டு வருசமும் கம்பேனில குடுத்தது. நம்ம பனியன வாங்குத இத்தாலி பையரு ஆபீஸுக்குக் கேக்கு குடுத்துவிடுவாவ, நீங்க கிறிஸ்டியன்தானேன்னு மெர்ச்சண்டைசர் சாரு எனக்கு ஒண்ணு எடுத்துத் தருவாரு. இந்த வருசம் அந்தப் பையரு ஆர்டர வேற ஊருக்குக் குடுத்துட்டாவ. கேக்கும் வரல."

நான் கையிலிருந்த என் துண்டைக் காகிதத்தின்மேல் வைத்தேன்.

"நீ கேட்டுக்கிட்டே இருந்தியா, எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. பொய் சொன்னேன்" என்றாள். குரல் மாறாமல், "இனிமே ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்லாண்டாம், என்ன?" என்றாள்.

அப்பா அனுப்பவில்லை என்பது எனக்கு வலித்தது. ஆனால் அதைவிட வலித்தது வேறொன்று. வீட்டு விலாசம் போட்டு ஒரு பொட்டலம் வந்தால் அதை அனுப்பக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆகவே என்னைவிட நூறு மடங்கு அவள்தான் அதை நம்பியிருக்கிறாள். மூன்று வருடமாக எதற்காகக் காத்திருந்தாளோ அதை அவள் மடியில் வைத்து நானே பறித்துக்கொண்டேன். இதெல்லாம் அன்றைக்கு இத்தனை வார்த்தையாக எனக்குத் தெரியவில்லை. அவள் அந்தக் காகிதத்தை உதறி உதறிக் கடிதம் தேடியது மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்று சாப்பிடாமலே படுத்தேன். எழுப்பி ஊட்டிவிட அம்மாவும் வரவில்லை. ஒரே அறைக்குள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக் கிடந்தோம்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்ததும் அம்மா மீதிக் கேக்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தட்டில் அடுக்கினாள். என்னையும் கூட்டிக்கொண்டு லைனில் ஒவ்வொரு வீடாகப் போனாள். கடைசியாக ராமாத்தாள் வீடு. அவர் ஒரு துண்டைக் கடித்து, வெகுநேரம் மென்று, "ஏனுங் அம்மிணி, கடலமுட்டாயாட்டவும் இருக்குது, கறிமசாலாட்டவும் இருக்குது, என்ன பலகாரமுங் இது?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். இத்தாலியில் இருந்து வந்தது என்று அம்மா சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எம் மவ செஞ்சது, அக்கா" என்றாள் அம்மா. "அவிய ஒண்ணும் அனுப்பல. இனிமே அனுப்பவும் மாட்டாவ."

ராமாத்தாள் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து அம்மாவின் கையில் ஒரு முழம் மல்லிகைப் பூவைக் கொடுத்து, "வெச்சுக்கோ அம்மிணி, நல்ல நாளு" என்றார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போய் உட்காரவில்லை. நான்கு மணிக்கு அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் எங்கே இருப்பது என்று தெரியவில்லை. தொட்டியடியில் போய் நின்றேன், உள்ளே வந்தேன், மறுபடியும் போய் நின்றேன்.

அப்பா திரும்பவில்லை. சில வருடம் கழித்து அதே மெஷின் கம்பெனிக்குப் போய்வந்த ஒருவர், தயங்கித் தயங்கி, அப்பாவுக்கு அங்கே குடும்பம் இருக்கிறது, ஒரு பையன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஒடம்புக்குச் சொகமா இருக்காவளா?" நன்றாக இருக்கிறார் என்றார் அவர். அன்று அம்மா கொடியிலிருந்த அப்பாவின் சட்டைகளை எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, கம்பெனி வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டாள்.

நான் படித்து, இதே ஊரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில், பையர்களின் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் ஆனேன். டிசம்பர் வந்தால் இத்தாலி பையர்கள் அனுப்பும் அட்டைப்பெட்டிகள் இப்போது என் மேசைக்கே வருகின்றன. நான் அவற்றைப் பிரிப்பதில்லை. செக்கிங் பிரிவுக்கு அனுப்பிவிடுவேன். ஆனால் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை நானே செய்வேன், கடலை போட்டு, அப்பளம் வைத்து. அம்மாவுக்குப் பல் போன பிறகு பொடித்துப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன்.

அவளுக்குக் கடைசியாக அமைந்த டிசம்பரில், கட்டிலில் சாய்ந்துகொண்டு அப்படி ஊறவைத்ததைத் தின்றுகொண்டிருந்தபோது, அதுவரை நாங்கள் ஒருமுறைகூடப் பேசியிராத அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நான் கேட்டேன். அன்றைக்கு உனக்கு என்மேல் எவ்வளவு கோபம் இருந்திருக்கும், அம்மா, என்றேன்.

"கோவமெல்லாம் இல்லட்டி" என்றாள். "வாயில வைக்கதுக்கு முந்தி ஒரு அஞ்சு நிமிசம் இருந்துச்சுல்லா. அந்த அஞ்சு நிமிசம் நல்லாருந்துச்சு."

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. ராமாத்தாள் அதற்கும் முன்பே, பல்லடத்தில் மகள் வீட்டில் இருந்தபோது கண்ணை மூடினார். லைன் வீடுகளை இடித்துவிட்டு அங்கே நான்கு மாடிக்கு ஒரு கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். மாடிக்கு மாடி வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் ஆளுக்கொரு கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரமாக நிற்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. ராமாத்தாள் வீட்டு முன்கட்டும் அந்தத் தொலைபேசியும் இல்லை. நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் ஓவன் என்று ஒரு மின்சார அடுப்பு இருக்கிறது. மணலும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கவும் வேண்டாம்.

போன டிசம்பரிலும் செய்தேன். வாசனை வந்தது, ஆறவைத்து வெட்டினேன். ஒரு துண்டைத் தின்றுவிட்டு, மீதியை என்ன செய்வது என்று தெரியாமல், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தேன். அடிப்பக்கம் உப்புக் கரிக்க வேண்டும் என்று தெரிந்த இன்னொருவர் இப்போது இந்த ஊரில் இல்லை.